ஏழாம் எண்ணின் அம்பு

ஜனவரி 8

வாண்டுக்கு,

நாற்பத்து நாலு வயது ஆளை இப்படிக் கூப்பிடலாமா என்று மாமா கேட்கிறார். நான் கூப்பிடலாம். இங்கே இருவரும் சௌக்கியம், என் முதுகுவலியும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? சுகர் பார்த்தாயா? போனில் கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்கிறாய். பார்த்தேன் என்று ஒருநாளாவது சொல்.

உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டும். புண் ஆறுவதைச் சமன்பாடாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேனே, தாளில் அது அழகாக ஆறுகிறது. நிஜப் புண்ணுக்கு என் சமன்பாடு தெரியுமா என்பதுதான் சந்தேகம். ஆஸ்பத்திரியில் நீ கட்டுப் போடும் டிரஸ்ஸிங் அறைக்கு வருகிறவர்களில் சம்மதிப்பவர்களுடைய புண்ணின் ஓரத்தை, வாரம் ஒருமுறை, கண்ணாடித் தாள் வைத்து மார்க்கரால் வரைந்து அனுப்பு. போட்டோ வேண்டாம், அதில் அளவு ஏமாற்றும். தாளைத் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அந்தச் சாக்கில் நீயும் இரண்டு வரி எழுதுவாய்.

பெயர் வேண்டாம், எண் போதும். தேதி போடு. முக்கியமாக ஒவ்வொரு தாளிலும் ஓர் அம்பு போடு. முழங்கால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அம்பு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எந்த ஓரம் முதலில் மூடுகிறது என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் காலை நூல் வைத்து அளந்தவள் இன்னும் திருந்தவில்லை என்று நினைத்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 23

அக்காவுக்கு,

உன் உத்தரவுப்படி ஆறு பேர், ஆளுக்கு இரண்டு தாள். எல்லாம் கால்தான். காலுக்குக் கணக்குப் போடுகிறவளுக்கு அரைக்காலும் முக்காலும் பழக்கம்தானே!

எப்படி வரைகிறேன் என்று கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் நீட்டச் சொல்வேன். எதிரே சின்ன முக்காலியில் நான். விரல்கள் என் மூக்குக்கு நேரே இருக்கும், முழங்கால் அந்தப் பக்கம். அதனால் அம்பு எப்போதும் என்னைவிட்டு மேலே பார்க்கும். கீழே எண்ணும் தேதியும். மூன்றாம் எண் தையல்காரர். தாளைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த அளவுக்குத் துணி வெட்டினா ஒட்டுப் போட்டுடலாமே”ங்கிறார். ஐந்தாம் எண் டீச்சர், என் மார்க்கர் கோடு நேராக இல்லை என்று திட்டுகிறார். புண்ணே நேராக இல்லையே என்றேன்.

எல்லோரிடமும் ஒரே பல்லவிதான் பாடுகிறேன்: உட்காருங்க, நிக்காதீங்க, காலைத் தொங்கப் போடாதீங்க. எங்கள் தலைமை நர்ஸ், பெரிய சிஸ்டர், நான் பாடுவதைக் கேட்டுச் சிரிக்கிறார், நாள் முழுக்க நின்றுகொண்டே பாடுகிறேன் என்று.

மாமாவை விசாரித்ததாகச் சொல். உன் முதுகுக்குக் கீழே தலையணை வை. மாடி அறையில் வெயில் நன்றாக வருகிறது.

தம்பி

பிப்ரவரி 5

வாண்டுக்கு,

உன் அறையில் வெயில் வருவது தெரிந்தது. உன் சுகர் தெரியவில்லை.

தாள்களைக் கட்டம் போட்ட காகிதத்தின் மேல் வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினேன். கம்ப்யூட்டர் ஒரு நிமிடத்தில் எண்ணிவிடும். எனக்குக் கையால் எண்ணினால்தான் ஆளைப் பார்த்த மாதிரி இருக்கிறது. இரண்டாம் எண்ணின் பெரிய புண் படுவேகமாக ஆறுவதாக நீ ஓரத்தில் எழுதியிருந்தாய். அது கண்மயக்கு. பெரிய புண்ணுக்குச் சுற்றளவு அதிகம், அதனால் ஒரே நாளில் நிறையப் பரப்பு மூடுகிறது. ஓரம் எவ்வளவு தூரம் உள்ளே நகர்ந்தது என்று பார்த்தால் ஆறு பேரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து நாளில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தையல்காரரும் டீச்சரும் ஒரே வேகத்தில் ஊர்கிறார்கள் என்று அவர்களிடம் சொல், சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. ஆறு பேருக்கும் முழங்கால் பக்கத்து ஓரம்தான் முந்துகிறது. விரல் பக்கம் பின்தங்குகிறது. ரத்தம் மேலிருந்து வருவதால் இருக்கலாம். நீ போட்ட அம்பால்தான் இது தெரிந்தது. சந்தோஷத்தில் மாமாவுக்கு நானே டீ போட்டேன், அவர் பயந்துவிட்டார்.

சுகர்?

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே வேலை அதிகம். பெரிய சிஸ்டரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. முந்தாநாளிலிருந்து மூன்று வாரம் லீவு. அதுவரை டிரஸ்ஸிங் அறைக்கு நான் ஒருவனே ராஜா, நான் ஒருவனே சேவகன்.

ஆறு பேரின் தாள்களுடன் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஏழாம் எண். இரண்டு வாரத் தாள் வைத்திருக்கிறேன். பாதத்தின் மேலே, விரல்கள் மடங்கும் இடத்தில், ஷூ உரசி வந்த புண். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. சுகர் உள்ள ஆள். நின்றே பார்க்கும் வேலை. சொன்ன பேச்சு கேட்காத ஜென்மம்.

முடிந்தால் ஏழாம் எண்ணை முதலில் பார்த்துச் சொல். சில குடும்பத்துக்கே சதை ஆறாது என்கிறார்களே, அது உண்மையா அக்கா? உன் சமன்பாட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா? அவர் கேட்கிறார்.

தம்பி

மார்ச் 10

வாண்டுக்கு,

கடிதம் முழுக்கத் தேடினேன், உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ராஜா சாப்பிடுகிறாரா, உட்காருகிறாரா?

ஏழாம் எண்ணுக்கு இரண்டு தாளை வைத்து என்ன சொல்வது? முதல் வாரம் ஓரம் நகர்ந்திருக்கிறது, மற்ற ஆறு பேரைப் போலவே. அவ்வளவுதான் சொல்ல முடியும். குடும்பத்துக்கே ஆறாது என்று என் சமன்பாட்டில் எதுவும் இல்லை என்று அவரிடம் சொல். இன்னும் தாள் அனுப்பு. டாக்டர் என்ன சொல்கிறார் என்றும் கேட்டு எழுது.

ஒரு திட்டும் பாக்கியிருக்கிறது. ஏழின் இரண்டு தாளிலும் அம்பு தலைகீழ். எண்ணும் தேதியும் நிமிர்ந்திருக்கின்றன, அம்பு கீழே பார்க்கிறது. மற்ற ஆறு பேரின் தாளிலெல்லாம் சரியாகப் போட்டவனுக்கு இதில் மட்டும் என்ன ஆயிற்று? தூக்கக் கலக்கமா? அடுத்த தாளிலிருந்து திருத்திப் போடு.

திட்டிவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

தப்புதான். அவசரத்தில் அம்பை மாற்றிப் போட்டுவிட்டேன். இந்த நாலு தாளிலும் திருத்தியிருக்கிறேன், பார்த்துக்கொள். பெரிய சிஸ்டர் பேத்தியின் போட்டோவோடு போன வாரம் திரும்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஏழின் டாக்டர் சொன்னது இதுதான். “மே கடைசிக்குள்ள பாதியாச் சுருங்கலைன்னா எலும்புக்குப் போயிடும். அப்ப ரெண்டு விரலை எடுத்துட வேண்டியதுதான்.” ஏழு சிரித்தாராம். “அப்ப முழுக்கால் முக்காலாயிடும்”னாராம். டாக்டர் சிரிக்கவில்லை.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். ஒரே ஒருநாள் கட்டு நனைந்தால், அது உன் கணக்கில் எவ்வளவு நாளாகத் தெரியும்? அப்பாவுக்குக் கட்டு மாற்றுவது என் முறையாக இருந்ததே, எனக்குப் பத்து வயது. அரையாண்டுப் பரீட்சை முடிந்த அன்று விளையாட்டு மும்முரத்தில் வாளித் தண்ணீரை அவர் காலில் கவிழ்த்துவிட்டேன். அம்மாவிடம் அடி விழும் என்று, ஈரத்தோடேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டேன். அப்பாவும் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் காலை எடுத்தார்கள். முப்பத்து நாலு வருஷமாக இதை உன்னிடம் சொல்லவில்லை. இன்று வரைக்கும் யார் காலில் ஈரக் கட்டைப் பார்த்தாலும் வரிசையை மீறி அவருக்குத்தான் முதலில் கட்டு மாற்றுகிறேன்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிடு.

தம்பி

ஏப்ரல் 3

என் வாண்டுக்கு,

கிழிக்கவில்லை. முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

அந்த நூல்கள் என்னிடம் இருக்கின்றன. வாரம் ஒருமுறை அப்பாவின் புண்ணைச் சுற்றி நூல் வைத்து, வெட்டி, நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தேன். பதின்மூன்று நூல். நேற்று அலமாரி மேலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். எட்டாவது வாரம் வரை ஒவ்வொரு நூலும் முந்தையதைவிடக் குட்டை. பரீட்சை முடிந்த வாரம் ஆறாவது. அதற்கு அடுத்த நூலும் குட்டைதான், அதற்கு அடுத்ததும்தான். நீ கவிழ்த்த வாளி என் கணக்கில் ஒருநாளாகக்கூடத் தெரியவில்லை. கேட்டாயா? தெரியவில்லை.

ஒன்பதாவது நூலிலிருந்துதான் நீளம் கூடுகிறது. அந்த வாரம் என்ன நடந்தது என்று அம்மா கடைசிக் காலத்தில் என்னிடம் சொன்னாள். நாம் இருவரும் பள்ளிக்குக் கிளம்பின பிறகு, அப்பா பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். கண்டக்டர் உத்தியோகம், பஸ்ஸில் நாள் முழுக்க நிற்பது. நாம் வருவதற்குள் வந்து கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். சொல்லாமல் விட்டது என் தப்பு. நம் வீட்டுச் சதை நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. அவர் நின்றார், அது நின்றுவிட்டது.

இப்போது ஏழாம் எண்.

நீ ‘திருத்திய’ அம்பை நம்பி நாலு தாளையும் எண்ணினேன். ஏழுக்கு விரல் பக்கத்து ஓரம் முந்துவதாக வந்தது. ஆறு பேருக்கு ஒரு மாதிரியும் ஒருவருக்கு மட்டும் நேர்மாறாகவும் ஏன்? இரண்டு நாள் சமன்பாட்டைக் குடைந்தேன். அப்புறம்தான் புரிந்தது. நீ முதலில் போட்ட அம்புதான் சரி. நான்தான் சரியான அம்பைத் தப்பு என்று திட்டித் திருத்தவைத்தேன்.

அப்படியானால் ஏழின் முழங்கால், வரைகிறவன் பக்கம் இருந்திருக்கிறது. எதிரே முக்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது எப்படி முடியும்? நாற்காலியில் உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றி, காலை ஸ்டூலில் நீட்டி, குனிந்து, என் பாதத்தின் மேலேயே தாளை வைத்து ஒரு வட்டம் போட்டேன். அம்பை முழங்கால் பக்கம் போட்டேன். என்னைப் பார்த்தது. மாமா வாசலில் நின்று, “என்னம்மா பண்றே?”ன்னார். தாளை அவரிடம் நீட்டினேன்.

காலண்டரையும் எடுத்துப் பார்த்தேன். ஏழின் ஓரம் முதல் வாரம் நகர்ந்தது. அப்புறம் மூன்று வாரம் மயிரிழைகூட நகரவில்லை. கடைசி வாரம் மறுபடி நகர்ந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் பெரிய சிஸ்டர் லீவு.

சொன்ன பேச்சு கேட்காத ஜென்மம் என்று நீயே எழுதினாய், அதில் பொய் இல்லை. வாண்டு, உன் சதையில் ஒரு கோளாறும் கிடையாது. நீ கொஞ்சமாவது உட்கார்ந்த வாரமெல்லாம் அது தையல்காரருக்குச் சமமாக ஊர்ந்திருக்கிறது. நீ உட்கார்ந்தால் அது ஆறும். என் வாழ்க்கையில் போட்ட எந்தக் கணக்கையும் இவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில்லை.

உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 19

வாண்டுக்கு,

பதினாறு நாள். போன் செய்தால் “நல்லாருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். பின்னால் டிரஸ்ஸிங் தட்டு சத்தம் கேட்கிறது. நின்றுகொண்டிருக்கிறாய்.

கோபமா? உன் ரகசியத்தைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பிடித்தேன் என்று வெட்கமா? எதுவாக இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு கோபப்படு, உட்கார்ந்துகொண்டு வெட்கப்படு.

நான் அங்கே வரட்டுமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் வேண்டாம் என்பாய். மாமா பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்குப் பயமாக இருக்கிறதடா.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

பெட்டியை மேலே ஏற்றச் சொல். உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன், கால் எதிர் நாற்காலியில் தலையணை மேல். சத்தியம்.

உன் கடிதத்தை வெள்ளைக் கோட்டுப் பையில் மடித்து வைத்துக்கொண்டே பதினாறு நாள் சுற்றினேன். நூல் பற்றி நீ எழுதிய இடத்துக்கு வரும்போதெல்லாம் மேலே படிக்க முடியாமல் போய்விடும். ஆறாவது நூல், ஏழாவது நூல் என்று எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. எண்ணுவது உன் வேலை.

கோபம் இல்லை அக்கா. வெட்கம்தான். நாள் முழுக்க ஊரையே உட்கார் உட்கார் என்று அதட்டுகிறவன் காலில் இப்படி ஒன்று வந்தால் யாரிடம் போய்க் காட்டுவது? வேறு தெருவில் ஒரு டாக்டரிடம் போனேன். நம் வீட்டுக் கால் இப்படித்தான் போகும் என்று முடிவே கட்டிவிட்டேன். இருந்தாலும் உன் கணக்கு என்ன சொல்லும் என்று ஒரு நப்பாசை. என் பேர் போட்டுக் கேட்கத் தைரியம் இல்லை. எண் போட்டுக் கேட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தின் கடைசி வரியைப் படித்த பிறகு, நேராகப் பெரிய சிஸ்டரிடம் போய் ஷூவைக் கழற்றினேன். குனிந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார். “இத்தனை நாள் இதை வச்சிக்கிட்டா என் லீவுக்கு டியூட்டி பார்த்தே? நீ மனுசனா?”ன்னு ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எனக்கு இப்போது உட்கார்ந்து செய்கிற வேலைதான். பஞ்சு மடிக்கிறேன், சீட்டு எழுதுகிறேன். முதல் இரண்டு நாள் கால் உட்காராமல் தவித்தது. மாடி அறையையும் மாற்றிக்கொண்டேன், இப்போது கீழ்த்தளம். வெயில் வராது.

சுகர் பார்த்தேன். எண்ணைச் சொன்னால் பெட்டியோடு வந்து நிற்பாய். மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

உன் ஏழு

ஜூன் 5

என் ஏழுக்கு,

மே முப்பதாம் தேதித் தாள் வந்தது. கட்டங்களை மூன்று தடவை எண்ணினேன். மாமாவையும் எண்ணச் சொன்னேன், அவருக்கு என்னைவிட இரண்டு கட்டம் குறைவாக வந்தது, பாசத்தில் விட்டிருப்பார். எப்படி எண்ணினாலும் பாதிக்குக் கீழே. டாக்டர் கத்தியை உள்ளே வைத்துவிட்டார் என்று நீ எழுதிய வரியை மாமா சத்தமாக இரண்டு தடவை படித்தார். அப்புறம் முகம் கழுவப் போனார்.

சமன்பாட்டில் புதிதாக ஓர் உறுப்பு சேர்த்திருக்கிறேன். ஆள் ஒருநாளில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது. அதற்கு ஓர் எழுத்து வேண்டுமே, ‘வ’ என்று வைத்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஏன் ‘வ’ என்று கேட்டார்கள். வேகத்தின் ‘வ’ என்று சொல்லிவைத்தேன். ‘வ’ பூஜ்யமானால் நீ ஜூலை கடைசி வாரம் மூடிவிடுவாய். என் சமன்பாட்டின் மானம் உன் காலில் இருக்கிறது.

ஒரே ஒரு குறை. மே முப்பது வரைக்கும் உன் தாளில் அம்பு கீழேதான் பார்க்கிறது. அம்பு சரிதான், இந்தத் தடவை திட்டமாட்டேன். ஆனால் இன்னமும் நீயே குனிந்து, நீயே கட்டி, நீயே வரைகிறாய். பத்து வயதிலிருந்து மற்றவர்கள் காலைப் பிடித்தவன் நீ. உன் காலையும் ஒருவர் பிடிக்கட்டுமே.

முதுகு பரவாயில்லை. தலையணை வைத்தேன்.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

உறைக்குள் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. மறந்துபோய் வெறும் தாளை அனுப்பிவிட்டேன் என்று திட்டாதே. கீழே எண் ஏழு, தேதி ஜூலை இருபத்தொன்பது. நடுவில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் வரைவதற்கு ஒன்றும் இல்லை. மார்க்கரைத் தாளின் மேல் பிடித்துக்கொண்டு இடம் தேடினோம். இளஞ்சிவப்பாகப் புதுத் தோல், தொட்டால் கூசுகிறது. உன் கட்டக் காகிதத்தில் வைத்து எண்ணிப் பார், மூன்று தடவை எண்ணினாலும் பூஜ்யம்தான் வரும். மாமாவுக்கும் அதேதான் வரும்.

தையல்காரர் எனக்கு முந்தியே ஆறிவிட்டார். நேற்று சும்மா பார்க்க வந்தவர், நான் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “உட்காருங்க தம்பி, நிக்காதீங்க, காலைத் தொங்கப் போடாதீங்க”ன்னு என் பல்லவியை எனக்கே பாடினார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்பாவின் நூல் நோட்டை எனக்கு அனுப்ப முடியுமா? ஆறாவதையும் ஏழாவதையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அம்பைக் கவனித்தாயா? மேலே பார்க்கிறது. தப்பாகப் போடவில்லை. பெரிய சிஸ்டர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு போட்டது.

முழுக்காலோடு,
உன் வாண்டு